உத்தியோகப் பேட்டியும் தலைவிதியும்

(நசரத்பேட்டையில் கூடிய வாலிபர் கூட்டத்தில் பேசியது)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம், சர்க்கார் உத்தியோகத்திற்கும், சர்க்காருக்குச் சொந்தமான பாங்கி, கம்பெனி உத்தியோகங்களுக்கும் நடத்தப்படுகிற பேட்டிப் பரீட்சைக்கு நமது வாலிபர்கள் எப்படித் தயார் செய்துகொள்ள வேண்டும் என்பதாகும். இது பள்ளிக்கூட உபாத்தியாயர் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, இதற்கு இப்படி ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். எழுத்துப் பரீட்சையில் இரவு பகலாய்ப் படித்துச் சம்பாதித்த மார்க்கை, நம் பிள்ளைகள் அரைமணி நேரப் பேச்சில் பறிகொடுத்துவிட்டு வருகிறார்கள். வந்து சும்மாவும் இருப்பதில்லை. "நேரம் சரியில்லை" என்று அவர்களும், "எங்க பையன் ஜாதகத்திலேயே உத்தியோக யோகம் இல்லீங்க" என்று அவர்களைப் பெற்றவர்களும் சொல்லிக்கொண்டு, அடுத்த பேட்டிக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியத்தை விட்டுவிட்டு ஜோசியர் வீட்டுக்குப் போகிறார்கள். பணமும் போய், புத்தியும் போகிற இந்த இடத்தைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவது?

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் ரஸ்தாவும், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகிற வெளிவட்டச் சாலையும் சந்திக்கிற இடம் இது. ஒரு பக்கம் பூந்தமல்லி, இன்னொரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. சுற்றிலும் இஞ்சினீரிங் காலேஜ்கள். ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலை இருக்கிறது. அது 2021 அக்டோபர் 1 முதல் சர்க்காருக்கே சொந்தமான ஒரு கம்பெனியின் கீழ் வந்திருக்கிறது. இந்த வட்டாரத்தில் ஏர் பிடித்தவன் மகனும், செங்கல் சூளையில் மண் சுமந்தவள் மகளும் இன்று பட்டம் வாங்கியிருக்கிறார்கள். எழுத்துப் பரீட்சைக்கு இவர்கள் அஞ்சுவதில்லை. காகிதத்துக்கு ஜாதி தெரியாது, சொக்காய் தெரியாது, பேச்சு வாடை தெரியாது. ஆனால் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிற அறைக்குள் தனியே போ என்றால், நசரத்பேட்டைப் பிள்ளைக்குப் பேட்டி என்ற சொல்லே தொண்டையை அடைத்துவிடுகிறது.

அந்தப் பயத்தை முதலீடாக வைத்துப் பிழைப்பவர்கள் இரண்டு வகை. ஒருவன் ஜோசியன். மற்றொருவன் தரகன். தரகனுடைய வியாபார ரகசியத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். "பேட்டியிலே மார்க்கு வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் ஆகும், கிடைக்காவிட்டால் பணம் வாபஸ்" என்று பத்துப் பேரிடம் பணம் வாங்குகிறான். யாரிடமும் போய் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பத்துப் பேரில் இரண்டு பேர் தங்கள் சொந்தச் சாமர்த்தியத்திலேயே தேறிவிடுகிறார்கள். அந்த இரண்டு பேர் பணம் இவனுக்கு. மற்ற எட்டுப் பேருக்கு நாணயமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பார்த்தீர்களா, நான் யோக்கியன்" என்கிறான்! திருப்பிக் கொடுக்காமல் ஓடிப்போகிறவன் இவனைவிட மூடன், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது ஜோசியனுடைய பரிகாரத்தையும், வடைமாலை வேண்டுதலையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர் வேண்டிக்கொண்டால் இரண்டு பேர் தேறத்தான் செய்வார்கள். தேறிய இரண்டு பேர் ஊரெல்லாம் சொல்லுவார்கள். தேறாத எட்டுப் பேர் வாய் திறக்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் தரகனாவது எட்டுப் பேருக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறான்.

ஆனால் தோழர்களே, பேட்டியைப் பற்றி நம் ஜனங்களுக்கு இருக்கிற பயம் முழுவதும் மூடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. எழுத்துப் பரீட்சையில் மறைந்து போகிற ஜாதியும் குலமும் பேட்டி அறையில் திரும்பவும் தலையெடுத்த காலம் உண்டு. 1950-ம் வருஷத்து ஐ.ஏ.எஸ். பரீட்சையைப் பாருங்கள். வங்காளத்திலிருந்து அச்சுதானந்த தாஸ் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்புத் தோழர் எழுதினார். அந்த வகுப்பிலிருந்து முதன்முதலில் ஐ.ஏ.எஸ். ஆனவர் அவர்தான். எழுத்துப் பரீட்சையில் அவர் வாங்கிய மார்க்கு, அந்த வருஷம் முதலிடம் பெற்றவர் எழுத்தில் வாங்கியதைவிட அதிகம். பேட்டிக்கு 300 மார்க்கு. முதலிடம் பெற்றவருக்கு அதில் 260 கொடுத்தார்கள். தாஸுக்குக் கொடுத்தது 110. எழுத்தில் முந்தி நின்றவர் பேட்டி முடிந்ததும் 48-வது இடத்திற்குப் போய்விட்டார். 150 மார்க்கு வித்தியாசத்திற்குக் காரணம் என்ன? அந்த அறையில் என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார், எந்தப் பதிலுக்கு எவ்வளவு குறைத்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில் அந்த 110 என்ற எண்தான். மொத்தமாக மார்க்குப் போடுகிற பேட்டியில் இருக்கிற ஆபத்து இதுவே. அநியாயம் செய்தாலும் அதற்குச் சாட்சி இராது. நியாயமே செய்திருந்தாலும் அதற்கும் சாட்சி இராது.

பொறுக்கி எடுக்கிற அதிகாரத்தைத் தனிமனிதர்கள் கையிலிருந்து பிடுங்கி விதியின் கையில் கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டில் பழைய போராட்டம். சென்னை மாகாணத்தில் 1929-ல் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. மாகாணங்களில் அதுதான் முதலாவது. அதற்கு முன் கச்சேரி உத்தியோகம் என்றால், உள்ளே இருப்பவன் தன் மச்சானையும் மருமகனையும் கொண்டுவந்து வைப்பது என்று அர்த்தம். 1928-ல் முத்தையா முதலியார் மந்திரியாக இருந்து அமுலுக்குக் கொண்டுவந்த வகுப்புவாரி உத்தரவு, 12 உத்தியோகம் இருந்தால் எந்த வகுப்புக்கு எத்தனை என்று எண்ணிக்கை வைத்தது. அவ்வுத்தரவையும் சர்வீஸ் கமிஷனையும் ஒன்றாய்ச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கையை விதி கட்டுப்படுத்தினால் போதாது, பொறுக்குகிறவனையும் விதி கட்டுப்படுத்த வேண்டும்.

அந்தக் கட்டுப்பாடு பேட்டி அறைக்குள் நுழைவதற்கு இன்னும் நாற்பது, ஐம்பது வருஷம் ஆயிற்று. கோர்ட்டுக்குப் போய்த்தான் நுழைந்தது. நம் தமிழ்நாட்டிலேயே 1970–71 வருஷத்து மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் பேட்டிக்கு 75 மார்க்கு வைத்திருந்தார்கள். விளையாட்டு அல்லது என்.சி.சி., பொதுத்தொண்டு, தேக பலம், பொதுத் திறமை, அந்தப் படிப்புக்கு ஏற்ற மனப்போக்கு என்று ஐந்து தலைப்பு. விதியில் ஐந்து தலைப்பு இருந்ததே தவிர, கமிட்டியார் தலைப்புவாரியாக மார்க்குப் போடவில்லை. ஒரேயடியாக மொத்தமாய்ப் போட்டுவிட்டார்கள். பெரியகருப்பன் என்ற மாணவர் பேரால் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தலைப்புக் கொடுத்த பிறகு தலைப்புவாரியாய்ப் போடாதது சட்டவிரோதம் என்று கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள்.

பிறகு ஸ்ரீநகர் இஞ்சினீரிங் காலேஜ் வழக்கு வந்தது. 1980-ல் தீர்ப்பு. எழுத்துக்கு 100, பேட்டிக்கு 50. ஒவ்வொரு பையனையும் இரண்டு மூன்று நிமிஷம்தான் வைத்திருந்தார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? உன் தகப்பனார் யார், எந்த ஊர் என்று கேட்டார்கள். மார்க்குப் போட வேண்டிய தலைப்புகளைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை. "அப்பன் யார், ஊர் எது" என்று கேட்டு முடிவு செய்வதற்குப் பேட்டி எதற்கு? நம் கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்கள் காலாகாலமாய்ச் செய்து வந்தது அதுதானே! பேட்டி மார்க்கு மொத்தத்தில் 15 சதவிகிதத்தைத் தாண்டினால் நியாயமாகாது என்று அந்த வழக்கில் சொன்னார்கள். 1985-ல் ஹரியானா வழக்கில் இன்னும் இறுக்கி, அப்போது யூனியன் கமிஷன் வைத்திருந்த 12.2 சதவிகிதத்திற்கு மேல் போகக்கூடாது என்றார்கள். இன்று யூனியன் கமிஷனின் சிவில் சர்வீஸில் எழுத்துக்கு 1750, பேட்டிக்கு 275. நம் மாநிலக் கமிஷனின் முதல் தொகுதியில் எழுத்துக்கு 750, பேட்டிக்கு 100. பாங்கிகளுக்கு ஆபீசர் பொறுக்குகிற பொதுப் பரீட்சையில் எழுத்துக்கு 80, பேட்டிக்கு 20 என்ற விகிதம். மத்திய சர்க்காரில் கெஜட்டில் சேராத உத்தியோகங்களுக்கு 2016 ஜனவரி 1 முதல் பேட்டியே கிடையாது. அது நல்ல காரியம். குமாஸ்தா வேலைக்கு எதற்குப் பேட்டி? எங்கே பேட்டி இல்லாமல் முடியுமோ அங்கே இல்லாமலிருப்பதே நமக்கு நல்லது.

பேட்டி வைத்துத்தான் ஆக வேண்டும் என்கிற இடத்தில் என்ன செய்வது? அங்கேதான் உலகத்தில் பல தேசங்களில் கைக்கொண்டிருக்கிற கட்டுப்பாடான பேட்டி வருகிறது. அது வேறொன்றுமில்லை. அந்த வேலையைச் செய்ய என்னென்ன குணம், என்னென்ன திறமை வேண்டும் என்று முன்னதாகவே எழுதிக்கொள்வது. ஒவ்வொன்றையும் சோதிக்கக் கேள்வி எழுதிக்கொள்வது. வருகிற எல்லாரிடமும் அதே கேள்வியை அதே வரிசையில் கேட்பது. எப்படிப்பட்ட பதிலுக்கு எத்தனை மார்க்கு என்று கேட்பதற்கு முன்பே தீர்மானித்து வைப்பது. மெம்பர்கள் ஒருவரையொருவர் கலக்காமல் தனித்தனியே மார்க்குப் போட்டுவிட்டுப் பிறகு பேசுவது. இங்கிலாந்து சிவில் சர்வீஸில் ஒவ்வொரு தலைப்புக்கும் 1 முதல் 7 வரை இப்படித்தான் போடுகிறார்கள். இது வெறும் தர்ம நியாயம் மாத்திரமல்ல. 85 வருஷத்து ஆராய்ச்சிகளைத் திரட்டி 1998-ல் ஷ்மிட், ஹன்ட்டர் என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர்கள் எழுதினார்கள்: மனம் போனபடி பேசிப் பார்க்கிற பேட்டியைவிட, கட்டுப்பாடான பேட்டியே ஒருவன் வேலையில் எப்படி இருப்பான் என்பதை நன்றாகக் காட்டுகிறது என்று. 2022-ல் அதே கணக்கை மறுபடி சரிபார்த்தவர்களும் அதைத்தான் முன்னணியில் வைத்தார்கள். "மூஞ்சியைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்" என்கிற பெரிய மனிதருடைய ஞானதிருஷ்டி இவ்வளவுதான்.

நம் நாட்டுப் போர்டுகளெல்லாம் முழுக்க முழுக்க இப்படிக் கட்டுப்பட்டு நடக்கின்றன என்று நான் சொல்லவில்லை. சில போர்டில் கேள்வித்தாள் இருக்கும். சில போர்டில் தலைப்பு மாத்திரம் இருக்கும், கேள்வி மெம்பரின் இஷ்டம். ஆனாலும் இரண்டுக்கும் தயாரிப்பு ஒன்றுதான். தலைப்பு இருக்கிற இடத்தில், அந்தத் தலைப்புக்குள் மார்க்குப் போட அவர்களுக்கு நீங்கள் சரக்குக் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் தவறுகிற இடமே அதுதான். சரக்கு இருக்கிறது, எடுத்து மேஜைமேல் வைக்கத் தெரியவில்லை.

எப்படி என்று ஒரு உதாரணம் சொல்லுகிறேன். "ஜனங்களோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். நம் பிள்ளை சொல்லுவான்: "2023 டிசம்பர் புயலிலே வெள்ளம் வந்தப்போ நாங்க எல்லாரும் சேர்ந்து ஜனங்களுக்கு உதவி செஞ்சோம் சார்." அவ்வளவுதான், முடிந்தது. இதில் மார்க்குப் போட எதைப் பிடிப்பது? "நாங்க எல்லாரும்" என்றால் இவன் என்ன செய்தான்? அதே பையன் இப்படிச் சொல்லியிருந்தால் பாருங்கள்: "எங்கள் தெருவில் 40 வீடு. பால் 25 பாக்கெட்தான் வந்தது. யாருக்குக் கொடுப்பது என்று சண்டை. கைக்குழந்தை இருக்கிற வீடு, படுத்த படுக்கையாய் இருக்கிறவர்கள் வீடு முதலில் என்று நான் ஒரு நோட்டில் பட்டியல் எழுதினேன். ஒரு பெரியவர், 'யார்டா நீ பட்டியல் எழுத' என்று சண்டைக்கு வந்தார். பட்டியலை அவர் கையிலேயே கொடுத்து, உரக்கப் படியுங்கள் ஐயா என்றேன். படித்ததும் சத்தம் அடங்கியது. மறுநாள் அவரே நின்று பங்கிட்டார். மூன்று நாளும் கைக்குழந்தை உள்ள எந்த வீட்டுக்கும் பால் தவறவில்லை." இது ஒன்றரை நிமிஷப் பேச்சு. நிலைமை என்ன, தன் பொறுப்பு என்ன, தான் செய்தது என்ன, விளைந்தது என்ன என்ற நான்கும் இதில் இருக்கின்றன. நியாயம் தெரிந்தவன், கணக்குத் தெரிந்தவன், கோபக்காரரைச் சமாளிக்கத் தெரிந்தவன் என்று மூன்று தலைப்பில் மார்க்குப் போட இடம் இருக்கிறது.

"நான்" என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குக் கூச்சம். பெரியவர்கள் முன்னால் "நான்" என்றால் அகம்பாவம் என்று சொல்லி வளர்த்துவிட்டோம். எவனுடைய பாட்டனை இடுப்பில் துண்டைக் கட்டச் சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்தினார்களோ, அவனுக்கு "நான் செய்தேன்" என்று நிமிர்ந்து சொல்வது சுலபமாய் வந்துவிடாதுதான். ஆனால் செய்ததைச் செய்தேன் என்று சொல்வதில் அகம்பாவம் ஏது? செய்யாததைச் சொன்னால் அது பொய். செய்ததை மறைத்தால் அதுவும் ஒருவிதப் பொய்தான். பத்துப் பேர் செய்த காரியமானால், மற்றவர்கள் செய்ததை அவர்கள் செய்தது என்றும், தான் செய்ததைத் தான் செய்தது என்றும் பிரித்துச் சொல்லிவிட வேண்டியது.

"எனக்கு என்ன அனுபவம் இருக்கிறது, நான் படித்தவன்தானே" என்று சிலர் சொல்லுகிறீர்கள். உங்கள் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கியபோது கணக்கு எழுதியது யார்? ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய் ஆறு மாதம் ராத்திரி ஷிப்டு பார்த்தீர்களே, அங்கே மெஷின் நின்றபோது என்ன செய்தீர்கள்? காலேஜ் பஸ்ஸில் தங்கச்சியை ஒருவன் தொந்தரவு செய்தபோது யாரிடம் போய் எப்படிச் சொன்னீர்கள்? மோட்டார் காரில் காலேஜுக்குப் போன பிள்ளைக்கு இந்த அனுபவமெல்லாம் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு, உங்கள் ஆயுசில் நடந்த பதினைந்து சங்கதிகளை எழுதுங்கள். வேலை விளம்பரத்தில் அந்த உத்தியோகஸ்தருக்கு என்னென்ன கடமை என்று அச்சடித்திருக்கும். முக்காலே மூணுவீசம் பேர் வயது வரம்பையும் சம்பளத்தையும் படித்துவிட்டு அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். கடமைகளை ஒவ்வொன்றாய் எழுதி, எதிரே உங்கள் பதினைந்தில் எது பொருந்துகிறது என்று எழுதுங்கள். ஒரு கடமைக்கு எதிரே காலியாக இருந்தால், அதைப் பற்றித்தான் நீங்கள் படிக்க வேண்டும், அல்லது செய்ய வேண்டும்.

இனி, இப்படிச் செய்வாயா என்று கேட்கிற கேள்வி ஒரு வகை. "நீ ஒரு தாலுகாவில் அதிகாரி. மேலதிகாரி டெலிபோனில் விதிக்கு விரோதமாக ஒரு உத்தரவு போடுகிறார். என்ன செய்வாய்?" இதற்கு "நேர்மையாக இருப்பேன் சார்" என்று ஒருவன் நெஞ்சை நிமிர்த்துகிறான். "மேலதிகாரி சொன்னால் கேட்டுத்தானே ஆகணும் சார்" என்று இன்னொருவன் தலையைச் சொறிகிறான். இரண்டு பேருக்கும் மார்க்குக் கிடையாது. கேள்வி உங்கள் வீரத்தையோ பணிவையோ கேட்கவில்லை, நீங்கள் நடக்கிற வழியைக் கேட்கிறது. விதியில் இப்படி இருக்கிறதே என்று மரியாதையாய் எடுத்துச் சொல்வேன். உத்தரவை எழுத்தில் கேட்பேன். என் அபிப்பிராயத்தைப் பைலில் குறித்து வைப்பேன். அப்படியும் வற்புறுத்தினால் அவருக்கு மேலே உள்ளவருக்கு விதிப்படி எழுதுவேன் என்று படிப்படியாய்ச் சொல்ல வேண்டும்.

அறைக்குள் நடக்கிற இரண்டு காரியங்கள் நம் பிள்ளைகளைக் கலக்கிவிடுகின்றன. நீங்கள் பேசும்போது மெம்பர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். அலட்சியம் என்று நினைத்து நம் பிள்ளை பேச்சை நிறுத்திவிடுகிறான். அவர் எழுதுவது நீங்கள் சொல்வதைத்தான். எழுதாமல் சிரித்துக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இன்னொன்று, "நன்று" என்றோ "சரி" என்றோ அவர்கள் சொல்ல மாட்டார்கள். கட்டுப்பாடான பேட்டியில் ஒருவனுக்குத் தலையாட்டி மற்றவனுக்கு ஆட்டாமலிருப்பதே குற்றம் என்பதால் யாருக்கும் ஆட்டமாட்டார்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். அதில் இழப்பது ஒரு கேள்விதான். தெரிந்தது போல நடித்தால் அடுத்த மூன்று கேள்வியும் அதைச் சுற்றியே வரும்.

இங்கிலீஷ் பயம் ஒன்று இருக்கிறது. நம் மாநிலக் கமிஷன் பேட்டியில் தமிழில் பதில் சொல்லலாம். யூனியன் கமிஷனிலும், தமிழில் பரீட்சை எழுதியவர் தமிழிலேயே பேட்டி கொடுக்கலாம்; அதற்கு முன்னதாகவே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தமிழில் தெளிவாகச் சிந்திக்கிறவன், அரைகுறை இங்கிலீஷில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக் கெட்டுப்போவானேன்? இங்கிலீஷ் அவசியமான உத்தியோகமானால் சின்னச் சின்ன வாக்கியமாய்ப் பேசினால் போதும். கோட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பழகுவது. நீச்சலைக் கரையில் நின்று புஸ்தகத்தில் படித்தவன் செம்பரம்பாக்கத்தில் இறங்கினால் என்ன ஆவான்? நான்கு பேர் சேருங்கள். ஒரு மேஜை, நாலு நாற்காலி போதும். மூன்று பேர் போர்டு, ஒருவர் மனுதாரர். ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு, நால்வரையும் மாற்றி மாற்றி அதே ஐந்து கேள்வி கேளுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை தனித்தனியே மார்க்குப் போட்டு மூடி வையுங்கள். பிறகு திறந்து பாருங்கள். ஒருவர் 2, மற்றவர் 5 போட்டிருந்தால், ஏன் என்று வாதாடுங்கள். அந்த வாதத்தில் இரண்டு விஷயம் கற்றுக்கொள்வீர்கள். ஒரு பதிலில் போர்டார் எதைத் தேடுகிறார்கள் என்பது ஒன்று. மார்க்குப் போடுகிறவனும் மனுஷன்தான், அவன் தன் நண்பனுக்கு ஒன்று கூடப் போடப் பார்க்கிறான் என்பது இன்னொன்று. இதைப் பெண்களும் சேர்ந்து செய்ய வேண்டும். அண்ணன் தம்பிகளைத் தவிர வேறு ஆண்பிள்ளைகளோடு நிமிர்ந்து பேசவே விடாமல் இருபத்திரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டு, ஐந்து ஆண்பிள்ளைகள் எதிரில் போய்ப் பேசு என்றால் எந்தப் பெண் பேசுவாள்?

(இவ்விடத்தில் கூட்டத்திலிருந்து சில சீட்டுகள் வந்தன.)

ஒரு தோழர், "ராகு காலத்தில் கூப்பிட்டால் என்ன செய்வது?" என்று எழுதியிருக்கிறார். போர்டார் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து பேட்டி நடத்துகிறார்கள். ராகு காலம் ஒன்றரை மணி நேரம் தினமும் வருகிறது. அந்த நேரத்தில் கூப்பிட்டவர்களில் ஒருவரும் தேறவில்லை என்று எந்த வருஷத்து லிஸ்டிலாவது காட்டட்டும், நான் ஒப்புக்கொள்ளுகிறேன்.

இன்னொருவர், "ஜாதியைக் கேட்டால்?" என்கிறார். "அது மனுவில் எழுதியிருக்கிறது ஐயா, சர்ட்டிபிகேட்டும் சரிபார்த்திருக்கிறார்கள்" என்று மரியாதையாய்ச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். கோபமும் வேண்டாம், நடுக்கமும் வேண்டாம். இட ஒதுக்கீட்டில் வருவதைப் பிச்சை போல நினைத்துத் தலைகுனிகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 16(4)-ல் உள்ள உரிமை அது. சம்பளத்தை வாங்கும்போது தலைகுனிகிறோமா?

ஒரு அம்மையார் எழுதியிருக்கிறார்: "கலியாணமானால் வேலையை விட்டுவிடுவாயா என்று கேட்டார்கள். ஆண்பிள்ளையிடம் கேட்கவில்லை. என்ன சொல்வது?" கட்டுப்பாடான பேட்டி எதற்காக ஏற்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வி என்று விதி வைத்தால் இந்தக் கேள்வி வாயில் வராது. கேட்டுவிட்டால், "விளம்பரத்தில் சொன்ன நிபந்தனைகளின்படி எந்த இடத்திலும் வேலை செய்ய ஒப்புக்கொண்டுதான் மனுப்போட்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். வெளியே வந்ததும், கேட்ட கேள்விகளையெல்லாம் தேதியோடு, மணியோடு எழுதி வையுங்கள். ஆண்பிள்ளைகளிடமும் விசாரித்து அவர்களைக் கேட்டதையும் எழுதுங்கள். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் மார்க்கைக் கேட்டு மனுப்போடுங்கள். பெரியகருப்பன் வழக்கு நடந்தது எதனால்? தலைப்புவாரியாய் மார்க்குப் போட்டாயா என்று ஒருவர் கேட்டதனால்.

கடைசிச் சீட்டு சர்ட்டிபிகேட் பற்றியது. மத்திய சர்க்கார் வேலைக்கு மனுப்போடுகிற பிற்படுத்தப்பட்ட வகுப்பார், நம் தாசில்தார் கொடுக்கிற ஜாதிச் சர்ட்டிபிகேட் மாத்திரம் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வருகிறார்கள். வசதி படைத்த பிரிவைச் சேர்ந்தவரல்ல என்று, மத்திய சர்க்கார் பாரத்தில், விளம்பரத்தில் குறித்த தேதிக்குச் செல்லுபடியாகும்படி தனியாக வாங்க வேண்டும். தமிழில் படித்தவர்களுக்கு மாநில உத்தியோகத்தில் 2010-ம் வருஷத்துச் சட்டப்படி 20 சதவிகிதம் முன்னுரிமை உண்டு. அதற்கும் படித்த ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். பேட்டிக் கடிதம் வந்த பிறகு அலைந்தால் நடக்காது. நாளை திங்கட்கிழமை, தாலுகா ஆபீஸ் திறந்திருக்கும்.